ஒலிப்பேழையும் வாழ்நாள் கல்வியும்

(நம் பங்கின் நூற்றாண்டு யூபிலியையொட்டி நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் ஒரு பங்கு, தான் நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது இயல்பு. அதற்காகவே கோபுரத்துக்கு வண்ணம் தீட்டினோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம், பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கு அட்டை கட்டினோம். கண்ணுக்குத் தெரிகின்ற இவையெல்லாம் நன்றே. ஆயினும், காதுக்கு மட்டுமே தெரிகின்ற சொத்து ஒன்றும் நமக்கு உண்டு. அது நம் முன்னோரின் குரல். அவர்கள் பாடிய மெட்டு. அவர்கள் பேசிய பேச்சு. அந்தச் சொத்தைப் பற்றியே இன்று மாலை உங்களோடு சிந்திக்க விழைகின்றோம்.

நாம் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். ஒரு குரலைப் பதிந்து காப்பது பாதி வேலை. அக்குரலைப் புதிய தலைமுறை புரிந்து, கேட்டு, கற்றுக்கொள்ளும்படி பக்குவப்படுத்திக் கொடுப்பது மறுபாதி. முதற்பாதியோடு நின்றுவிட்டால், அது தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனின் செயலாகவே முடியும்.

குரலைக் காக்கும் வழக்கம்

ஓலைச்சுவடிக்கும் கல்வெட்டுக்கும் நெடிய வரலாறு உண்டு. ஆனால் மனிதக் குரலைப் பிடித்து வைத்து மீண்டும் கேட்கச் செய்யும் கருவியை எடிசன் உருவாக்கியது 1877-ஆம் ஆண்டில்தான். ஒலிக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் 1899-இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் தோன்றியது. அசையும் படங்களைப் பாதுகாப்பது நாடுகளின் கடமை என்ற பரிந்துரையை யுனெஸ்கோ பொதுப் பேரவை பெல்கிரேடு நகரில் ஏற்றது 1980 அக்டோபர் 27 அன்று. அதன் நினைவாகவே அக்டோபர் 27-ஆம் நாளை உலக ஒலி-ஒளி மரபு நாள் என 2005-இல் அந்நிறுவனம் அறிவித்தது. ஆக, ஒலியும் படமும் ஏட்டைப் போலவே போற்றத்தக்கவை என்னும் உணர்வு உலகத்துக்கே மிகப் பிந்தித்தான் வந்தது.

அந்தத் தாமதத்திற்கு நாம் கொடுத்த விலை என்ன? தமிழில் பேசிய முதல் திரைப்படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. டி. பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படத்தின் சுருள் ஒன்றேனும் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. அன்றைய பத்திரிகை விளம்பரங்களையும் விமரிசனங்களையும் கொண்டே அதைப் பற்றி அறிகின்றோம். தமிழில் பேசிய முதல் படமே நமக்குக் கேட்காத படமாகிவிட்டது! காகிதத்தில் அச்சிட்ட விளம்பரம் தப்பியது, குரல் தப்பவில்லை.

ஒலிநாடாவின் ஆயுள்

சினிமா பெரியோர் விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் வீடுகளில் என்ன இருக்கின்றது? 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட் என்னும் சிறு ஒலிநாடாவை வெளியிட்டது. எண்பதுகளில் அது ஊர்தோறும் வந்துவிட்டது. திருவிழாப் பிரசங்கம், திருமணம், பாட்டியின் தாலாட்டு, வெளிநாடு சென்ற மகனுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய நாடா என எத்தனையோ பதிவுகள் நம்மவர் அலமாரிகளில் உறங்குகின்றன.

அந்த நாடா எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ப்போம். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் மேல் இரும்புத் துருவைப் போன்ற காந்தப்பொடியை ஒருவகைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். குரல் அந்தப் பொடியில்தான் இருக்கின்றது. காற்றின் ஈரத்தால் பசை நாளடைவில் சிதைகின்றது. பசை போனால் பொடி உதிரும். பொடி உதிர்ந்தால் குரல் போகும். நம்மூர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் பூப்பதையும் கண்டிருப்பீர்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவை அப்படியே கருவியில் ஓடவிட்டால் நாடாவும் கெடும், கருவியும் கெடும்.

நாடா தப்பினாலும் அதை ஓட்டும் கருவி வேண்டுமே! வி.எச்.எஸ். வீடியோ கருவிகளைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பழுது பார்ப்போரும் உதிரிப் பாகங்களும் குறைந்துகொண்டே வருகின்றனர். ஆகவே 2019-இல் யுனெஸ்கோவும், ஒலி மற்றும் ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் இணைந்து உலகத்துக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தன. 2025-ஆம் ஆண்டளவில் காந்த நாடாக்களை முறையாக ஓடவிட்டுப் படி எடுக்கும் வசதி அருகிவிடும். அதற்குள் மாற்றப்படாதவை பெரும்பாலும் இழப்பாகிவிடும் என்பதே அந்த எச்சரிக்கை. அவர்கள் குறித்த எல்லையை நாம் எட்டிவிட்டோம். இனி ஒத்திப்போட இடமில்லை.

டிஜிட்டல் முறை என்பது இதற்கான வழி. நாடாவில் அலையாக இருக்கும் ஒலியை, ஒரு நொடியில் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதிவைப்பதே அதன் தத்துவம். ஆவணத் தரத்துக்கு நொடிக்குக் குறைந்தது 48,000 முறையும், கூடுமானால் 96,000 முறையும் அளக்க வேண்டும் என்று மேற்சொன்ன சங்கம் நெறி வகுத்துள்ளது. மேலான தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடம் பிடிக்கும். கட்டைவிரல் அளவுப் பென் டிரைவில் பல நாடாக்களை அடக்கிவிடலாம். நாடாவைப் படி எடுத்தால் ஒவ்வொரு படியிலும் ஒலி மங்கும். எண்களைப் படி எடுத்தால் மங்காது. இது பெரிய நன்மையே.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பென் டிரைவில் அடைத்த பாட்டும் அப்படித்தான். அதைக் கல்வியாக்குவது எப்படி? மூன்று உண்மை வரலாறுகளைச் சொல்லுகின்றோம்.

ஊதாரி மைந்தனின் பல மொழிகள்

முதல் வரலாறு நம் நாட்டினது. அயர்லாந்தில் பிறந்து இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த சர் ஜார்ஜ் கிரியர்சன் என்னும் அறிஞர், 1894-இல் தொடங்கி இந்திய மொழிகளைக் கணக்கெடுக்கும் பெருமுயற்சியை மேற்கொண்டார். அதன் நூல் தொகுதிகள் 1903 முதல் 1928 வரை வெளிவந்தன. ஒரு மொழியை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டுமானால் எல்லாரும் ஒரே செய்தியைத் தத்தம் மொழியில் சொல்ல வேண்டுமல்லவா? அதற்கு அவர் தேர்ந்தது எதை? புனித லூக்கா நற்செய்தியில் வரும் ஊதாரி மைந்தன் உவமையை! இந்நாட்டு மக்களின் மனம் நோகாதபடி சிறு சொல் மாற்றங்களைச் செய்து அதைப் பயன்படுத்தினார்.

இது மதப் பிரசாரத்திற்காக அன்று. அந்தச் சிறு கதையில் நான், நீ, அவன் என்னும் மூன்று இடங்களும் வருகின்றன. வேற்றுமைகள் பெரும்பாலும் வருகின்றன. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றும் வருகின்றன. தந்தை, மகன், அண்ணன், தம்பி, வீடு, வயல், பசி, விருந்து எனக் குடும்பச் சொற்களும் நிறைந்துள்ளன. இலக்கணத்தை அளக்க இதைவிட நல்ல படி கிடைக்குமா?

1913 முதல் 1929 வரை இந்த உவமையும் வேறு கதைகளும் பாடல்களும் பல மொழிகளில் கிராமபோன் இசைத்தட்டுகளில் பதிவாயின. சென்னை மாகாணம் கிரியர்சனின் நூற்கணக்கெடுப்பில் நேரடியாக அடங்கவில்லை. ஆயினும் இம்மாகாணத்து அரசும் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளையும் மலைவாழ் மக்களின் மொழிகள் சிலவற்றையும் இசைத்தட்டில் பதியச் செய்தது. நம் ஆலயம் எழும்பிய அதே காலத்தில், நம் நாட்டின் எளிய குரல்கள் அரக்குத் தட்டில் ஏறிக்கொண்டிருந்தன என்று எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கின்றது.

பல்லாண்டுகள் அந்தத் தட்டுகள் நூலகங்களில் கிடந்தன. ஆராய்ச்சியாளர் சிலரன்றி யாரும் கேட்டாரில்லை. பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் தெற்காசிய நூலகம் இத்தொகுதியை எண்ணொலியாக்கி, எவரும் கட்டணமின்றி இணையத்தில் கேட்கும்படி செய்தது. ஏறத்தாழ 240 பதிவுகள். 97 மொழிகளும் கிளைமொழிகளும். இன்று நம் பள்ளி ஆசிரியை ஒருவர் தம் கைப்பேசியிலேயே அவற்றை வகுப்பில் ஒலிக்கச் செய்யலாம்.

அப்படிச் செய்தால் என்ன பயன்? பிள்ளைகள் ஒரே கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் அடுத்தடுத்துக் கேட்கின்றனர். எந்தச் சொல் நம் சொல்லைப் போலிருக்கின்றது, எது வேறுபடுகின்றது என்று தாமே கண்டுபிடிக்கின்றனர். மொழிகள் உடன்பிறந்தவை என்று புத்தகத்தில் படிப்பது வேறு. காதால் கேட்டு உணர்வது வேறு. பெரியவர்களும் ஒன்று கற்கலாம். பதிவில் பேசுகின்றவர் யார்? அரசு அலுவலர் தேர்ந்தெடுத்த ஒருவர், தேர்ந்தெடுத்த பாடத்தைக் கருவியின் முன் நின்று சொல்லுகின்றார். இது வீட்டு முற்றத்துப் பேச்சன்று. பெண் குரல் எங்கே? ஏழைக் குரல் எங்கே? ஆவணத்தைக் கேட்கும்போது அதில் இல்லாதவர்களையும் தேடிக் கேட்கப் பழகுவதே நல்ல கல்வி.

திரும்பி வந்த பாடல்கள்

இரண்டாவது வரலாறு நம் தமிழகத்தையும் தொட்டுச் செல்வது. ஆர்னால்டு பாக்கே என்பவர் டச்சு நாட்டு இசை அறிஞர். 1899-இல் பிறந்து 1963-இல் மறைந்தவர். அவர் 1938-இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து, சடங்குப் பாடல்களையும் கூத்துக்களையும் ஒலியாகவும் பேசாப் படமாகவும் பதிந்தார். பாடியவர்கள் இங்கே, பதிவுகளோ கடல் கடந்து போயின. பாடிய ஊராருக்கு அவை கேட்கக் கிடைக்கவில்லை.

1984-இல் நசீர் ஜைராஸ்பாய், ஏமி காட்லின் என்னும் இரு ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளின் படிகளோடு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் பாக்கே சென்ற வழியே சென்றனர். 46 ஆண்டுகளுக்குப் பின், பழைய பதிவுகளைத் துணையாகக் கொண்டு, எது இன்னும் வாழ்கின்றது, எது மாறியது, எது மறைந்தது என்று ஊராரிடமே கேட்டறிந்தனர். ஆவணம் அலமாரியைவிட்டுத் திண்ணைக்கு வந்தது. ஆய்வாளர் ஆசிரியராயிராமல் மாணவராயினர். ஊர்ப் பெரியவர் ஆசிரியராயினார்.

இதற்கு இரண்டாண்டு முன்னரே, 1982-இல், அமெரிக்க இந்தியவியல் கல்விக் கழகத்தின் சார்பில் ஓர் இசை ஆவண மையம் இந்திய மண்ணில் நிறுவப்பட்டது. இந்தியாவில் பதிந்து வெளிநாடுகளில் தங்கிவிட்ட ஒலிகளின் படிகளை இந்நாட்டிற்கே திருப்பிக் கொண்டு வருவது அதன் நோக்கங்களில் ஒன்று. அம்மையம் இன்று குருகிராமில் உள்ளது. பாடியவரிடம் பாட்டு திரும்பிச் சேர்வதும் ஒருவகை நீதியன்றோ!

தொள்ளாயிரம் ஆண்டும் பதினைந்து ஆண்டும்

மூன்றாவது வரலாறு இங்கிலாந்தினது. அது நமக்கு எச்சரிக்கை. அந்நாட்டு அரசன் வில்லியம் 1086-இல் தன் நாட்டு நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' என்னும் ஏட்டில் எழுதுவித்தான். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவுக்காக 1986-இல் பி.பி.சி. நிறுவனம் ஒரு புதுமை செய்தது. நாட்டை 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, அந்தந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளிடமும் சங்கங்களிடமும் ஒப்படைத்தது. தங்கள் ஊரில் மக்கள் என்ன உண்கின்றனர், என்ன வேலை செய்கின்றனர், எப்படிப் பொழுது போக்குகின்றனர் என்று பிள்ளைகள் எழுதினர், படம் எடுத்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். அவையெல்லாம் லேசர் தட்டுகளில் பதிக்கப்பட்டன.

பதினைந்து ஆண்டுகள் செல்லுமுன், அந்தத் தட்டுகளைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. 1086-இல் தோலில் எழுதிய ஏட்டை இன்றும் படிக்கலாம். 1986-இல் எழுதியதைப் படிக்க வழியில்லாமற்போகும் நிலை! பின்னர் 2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் அரிதின் முயன்று பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் கணினி நிரல் எழுதி அதை மீட்டனர். 2011-இல் பி.பி.சி. ஊர்ப்பகுதிகளை இணையத்தில் வெளியிட்டது. அந்த இணையதளமும் 2018-இல் மூடப்பட்டது. நல்லவேளையாக அதன் படி இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, பிள்ளைகளே தம் ஊரை ஆவணப்படுத்த வல்லவர்கள். அந்த வேலையே அவர்களுக்குச் சிறந்த கல்வி. மற்றொன்று, டிஜிட்டல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று. விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டேயிருந்தால்தான் விளக்கு எரியும். அதுபோலச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதித்துப் புதிய சாதனத்துக்கு மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும்.

பக்குவப்படுத்துதல் என்பது என்ன?

நெல்லை அப்படியே இலையில் பரிமாறுவதில்லை. குத்திப் புடைத்து உலையிலிட்டுச் சோறாக்கியே பரிமாறுகின்றோம். பழைய பதிவையும் அப்படியே பக்குவப்படுத்த வேண்டும்.

முதலாவது, அடையாளம் இடுதல். பாடுகின்றவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தச் சந்தர்ப்பம், பதிந்தவர் யார் என்பவை இல்லாத பதிவு, பெயரெழுதாத கல்லறையைப் போன்றது.

இரண்டாவது, எழுத்தாக்குதல். பேசிய சொற்களை அப்படியே, வட்டார வழக்கு மாறாமல் எழுதவேண்டும். இக்காலத்தில் தமிழ்ப் பேச்சைத் தானே எழுதித் தரும் கணினி நிரல்கள் வந்துள்ளன. ஆனால் பழைய நாடாவின் இரைச்சலிலும், ஊர்ப்பேச்சிலும், பாட்டின் இழுப்பிலும் அவை தடுமாறும். அவ்விடத்தில் எண்பது வயதுக் காதுக்கு நிகர் எதுவுமில்லை.

மூன்றாவது, பகுத்தலும் விளக்குதலும். மூன்று மணி நேரப் பதிவை எந்தப் பிள்ளையும் கேளாது. ஐந்து நிமிடப் பகுதியாக எடுத்து, முன்னே நான்கு வரி விளக்கமும் பின்னே மூன்று கேள்வியும் சேர்த்துக் கொடுத்தால் அது பாடமாகும். ஆனால் முழுப்பதிவையும் வெட்டாமல் தனியே காக்க வேண்டும். விளக்கமின்றி வெட்டிய துண்டு வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றினால் அது கல்வியாகாது. சில வேளை பொய்யாகவும் முடியும்.

நான்காவது, உரிமையும் மரியாதையும். நம் நாட்டுச் சட்டப்படி வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. கடையில் வாங்கிய பாட்டு நாடாவைப் படியெடுத்து ஊருக்கு விநியோகிக்கலாகாது. சொந்தப் பதிவாயினும், இழவு வீட்டில் ஒரு தாய் அழுத அழுகையை ஊரறிய ஒலிபரப்பலாமா? அந்தக் குடும்பத்தின் சம்மதமின்றி அது வெளியே போகலாகாது. எல்லாம் காக்கத்தக்கவை, எல்லாம் எல்லார்க்கும் கேட்பிக்கத்தக்கவையல்ல.

இக்கல்வி பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமன்று. வாழ்நாள் முழுவதும் கற்பதே மனித இயல்பு. முதுமையில் நினைவு தப்பும் நோயுற்றோர்க்காக பி.பி.சி. தன் காப்பகத்திலிருந்து பழைய ஒலி, படம், காட்சிகளைப் பத்தாண்டு பத்தாண்டாகவும் பொருள்வாரியாகவும் வகுத்து ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதைக் கேட்டும் கண்டும் முதியோர் பழைய நாட்களைப் பேசத் தொடங்க வேண்டும் என்பதே நோக்கம். காப்பகம் இவ்வாறு ஆறுதலாகவும் ஆகலாம்.

நம் பங்கின் தகரப் பெட்டி

இனி நம் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். யூபிலி வேலைகளுக்காக ஆலயச் சாமான் அறையை ஒழுங்கு செய்தபோது, ஒரு தகரப் பெட்டி நிறைய ஒலிநாடாக்களும் சில வீடியோ நாடாக்களும் கிடைத்தன. திருவிழா, பெரிய வாரம், பாஸ்கா என்று சிலவற்றின் மேல் எழுதியிருக்கின்றது. பலவற்றின் மேல் ஒன்றுமேயில்லை. சிலவற்றில் பூஞ்சணம் படர்ந்திருக்கின்றது.

அவற்றுள் ஒன்றின் மேல், மங்கிய மையில், 'வாசகப்பா – இரண்டாம் இரவு' என்று காணப்படுகின்றது. இளையோர் பலர் இந்தச் சொல்லையே அறியமாட்டார்கள். புனிதர்களின் வரலாற்றைப் பாட்டும் வசனமுமாக இரவெல்லாம் நடித்த நாட்டுக்கூத்து அது. நம் பங்கில் வாசகப்பாவைப் பழக்கிவைத்த அண்ணாவியார் மறைந்து ஆண்டுகள் பலவாயின. அவர் கைப்பட எழுதிய ஏடு அவர் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருக்கின்றது. ஆனால் அன்பர்களே, ஏட்டில் பாடல் இருக்கின்றது. மெட்டு ஏட்டில் இல்லை. எந்த அடியை எப்படி இழுப்பது, எங்கே தாளம் மாறுவது, கூட்டத்தார் எங்கே சேர்ந்து பாடுவது என்பவை அவர் குரலில் மட்டுமே இருந்தன. அந்தக் குரல் ஒருவேளை இந்த நாடாவில் இருக்கலாம். ஆவலால் உந்தப்பட்டு வீட்டுக் கருவியில் ஓடவிடாமல், உறையிலிட்டு ஈரமில்லா இடத்தில் வைத்திருக்கின்றோம். தகுந்த தொழிலறிவுள்ளோரிடம் கொடுத்துத் தூய்மை செய்து படியெடுக்க ஏற்பாடாகிவிட்டது.

ஆயினும் தொழிலறிவுள்ளவர் குரலை மீட்டுத் தருவார்; அது யார் குரல் என்று சொல்ல அவரால் ஆகுமா? அதைச் சொல்ல வல்லவர்கள் இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் நீங்கள்தாம். அந்நாளில் ராஜா வேடமிட்டவர்கள், திரை பிடித்தவர்கள், பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடித்தவர்கள் நம்மிடையே விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கின்றனர். இலத்தீனில் பாட்டுப் பூசை பாடியதை நினைவில் வைத்திருப்போரும் அவ்வாறே. நாடாவுக்குப் படி எடுக்கலாம். அவர்கள் நினைவுக்குப் படி எடுக்க, அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

ஆகவே யூபிலி ஆண்டின் நினைவாக ஐந்து காரியங்களை முன்வைக்கின்றோம்.

1. வீடுகளில் உள்ள பழைய நாடாக்களையும் படங்களையும் இரவலாகத் தாருங்கள். பெயரெழுதி, ரசீது கொடுத்து, படியெடுத்தபின் மூலத்தைத் திருப்பித் தருவோம். அதன் படி ஒன்றும் உங்களுக்குக் கிடைக்கும்.

2. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, பங்கு மண்டபத்தில் கேட்கும் கூட்டம் நடைபெறும். பெரியவர்கள் கேட்டுச் சொல்ல, இளைஞர்கள் எழுதுவார்கள். யார், எங்கே, எப்போது, என்ன, அருஞ்சொற்பொருள் யாது என்னும் விவரங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தாளில் சேரும்.

3. மறைக்கல்வி வகுப்பிலும் நம் பள்ளியிலும் பருவத்துக்கு ஒரு முறையேனும் இப்பதிவுகளிலிருந்து ஒரு பாடம் நடைபெறும். பிள்ளைகள் தம் தாத்தா பாட்டியரிடம் கைப்பேசியில் புதிய பதிவுகளும் செய்து வரவேண்டும். சம்மதம் கேட்டே பதியவேண்டும்.

4. படிகள் மூன்று இருக்கும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் அமையும். ஒன்று வெளியூரில் இருக்கும். ஆண்டுதோறும் பங்குத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்திய வாரம் மூன்றும் திறக்கின்றனவா என்று சோதிக்கப்படும். யார் பங்குத்தந்தையாய் வந்தாலும் இது நடக்கவேண்டும் என்பதற்காகப் பங்குப் பேரவையின் குறிப்பேட்டில் பதிவாகும்.

5. மீட்டெடுத்த வாசகப்பா மெட்டுக்களை இளைஞர் குழு கற்று, அடுத்த ஆண்டுத் திருவிழாவில் ஒரு காட்சியையேனும் அரங்கேற்ற வேண்டும். பழையதை அப்படியே நடிக்க வேண்டுமென்பதில்லை. பெண்களும் பங்கேற்கட்டும், இரவெல்லாம் நீளாமல் ஒரு மணி நேரத்தில் முடியட்டும். ஆனால் மெட்டு நம் மெட்டாக இருக்கட்டும்.

அன்பர்களே, கிரியர்சனின் அதிகாரிகள் தேடித்திரிந்து பதிந்த குரல்கள் நூறாண்டு கடந்து இன்று நம் கைப்பேசியில் ஒலிக்கின்றன. பாக்கே எடுத்துச் சென்ற பாடல்கள் 46 ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பின. இங்கிலாந்துப் பிள்ளைகள் எழுதிய ஊர்க்கதைகள் நூலிழையில் தப்பின. இவை தாமே நிகழ்ந்தவையல்ல. ஒவ்வொன்றின் பின்னும், இது வருங்காலத்தார்க்கு வேண்டும் என்று உழைத்த சிலர் இருந்தனர். நம் பங்கிலும் அத்தகைய சிலர் போதும்.

வருகின்ற முதல் ஞாயிறு மாலை 4 மணிக்கு முதற்கூட்டம். கால் நடக்க இயலாத பெரியவர்களை அழைத்து வரும் பொறுப்பை இளைஞர் இயக்கத்தார் ஏற்றிருக்கின்றனர். வீட்டைவிட்டு வரவே இயலாதவர்களிடம் நாமே பதிவுகளோடு செல்லுவோம். வரும்போது ஒரு நாடாவைக் கொண்டு வாருங்கள். நாடா இல்லையேல் ஒரு நினைவைக் கொண்டு வாருங்கள்.

இறைவன் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக.